ரிப்போர்ட்டில் "விகாரம்" என்று போட்டிருக்கிறது: புற்றுநோயும் நொதியங்களும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். பேராதனையில் படித்தது உயிர் இரசாயனம். மருத்துவன் இல்லை. ஆனாலும் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) யார் வீட்டுக்காவது ஆங்கிலத்தில் ஒரு ரிப்போர்ட் வந்தால், "சேர்கிட்ட காட்டுங்க" என்று அது என் கைக்கு வந்துவிடும். சில வருடங்களுக்கு முன் என் அத்தைக்கே அப்படியொரு ரிப்போர்ட் வந்தது. அதற்குப் பிறகு வகுப்பிலும் வாசற்படியிலும் வந்த கேள்விகளை ஒரு சீ.ஆர். கொப்பியில் குறித்து வைத்தேன். அவற்றில் திரும்பத் திரும்ப வந்தவை இவை. எந்த மருந்தை எடுக்கலாம், எதை நிறுத்தலாம் என்பது இதில் இல்லை. அது கிளினிக்கில் டொக்டரிடம் கேட்க வேண்டியது.

நொதியம் என்றால் என்ன? புத்தகத்தில் இருக்கும் விடை வேண்டாம், சேர்.

சரி. ஒரு கொழுந்தைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துக் கசக்கு. கொஞ்ச நேரத்தில் ஓரமெல்லாம் செம்பு நிறமாகும், வாசனையும் மாறும். என் அப்பா ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) ரோலர் பக்கம் வேலை செய்தவர். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினால் அந்த வாசனைதான்.

இலைக்குள் பொலிபீனோல் ஒக்சிடேஸ் என்றொரு நொதியம் (என்சைம்) இருக்கிறது. நொதியம் என்பது ஒரு பொருளைப் பிடித்து இன்னொன்றாக மாற்றும் புரதம், அமினோ அமிலங்கள் சங்கிலியாகக் கோத்து மடிந்தது. அது பிடித்து மாற்ற வேண்டிய கட்டெச்சின்கள் என்ற பொருட்கள் கலத்தின் (செல்லின்) வேறொரு அறையில் இருக்கின்றன. ரோலர் நசுக்கும்போது அறைச் சுவர்கள் உடைந்து இரண்டும் சந்திக்கின்றன. நொதியத்தின் நடுவே ஒரு பள்ளம், அதில் இரண்டு செம்பு அணுக்கள். கட்டெச்சின் வந்து அந்தப் பள்ளத்தில் உட்காரும், ஒட்சிசனோடு சேர்ந்து உருமாறி வெளியே போகும். நாம் குடிக்கும் தேத்தண்ணியின் நிறம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. அந்தப் பள்ளத்துக்குப் பெயர் உயிர்ப்பு மையம்.

அப்புறம் இலை டிரையருக்குப் போகிறது. சூடு பட்டதும் நிறம் மாறுவது நின்றுவிடும். நொதியத்தின் அணுக்கள் எங்கேயும் போகவில்லை, அமினோ அமிலச் சங்கிலியும் அறவில்லை. மடிப்புதான் குலைந்தது, அதனால் பள்ளமும் இல்லாமல் போனது. பச்சைத் தேயிலை செய்கிறவர்கள் முதலிலேயே சூடு காட்டி இந்த நொதியத்தை அடக்கிவிடுவதால் இலை பச்சையாகவே நிற்கிறது. நொதியத்தைப் பொறுத்தவரை வடிவம் போனால் வேலையும் போய்விடும். கீழே வருகிற எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை.

ஒரே ஒரு எழுத்து மாறினால் புற்றுநோய் வருமா?

ஒரு எழுத்தால் மட்டும் வருவது அரிது. டிஎன்ஏயில் எழுத்து மாறுவதைத்தான் விகாரம் என்கிறோம். பெரும்பாலும் பல வருடங்களில் பல விகாரங்கள் ஒரே கலத்தில் சேர வேண்டும். ஆனால் அவற்றில் ஒன்றிரண்டுதான் வண்டியையே ஓட்டும். மற்றவை பயணிகள்.

நம் டிஎன்ஏயில் சுமார் 300 கோடி எழுத்துகள். பரம்பரையலகுகளில் மூன்று மூன்றாக வாசித்தால் ஒவ்வொரு மூன்றும் ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும். "ஜிடிஜி" என்றால் வலின், "ஜிஏஜி" என்றால் குளூட்டாமிக் அமிலம். நடு எழுத்துதான் வித்தியாசம். ஹீமோகுளோபினில் ஓரிடத்தில் ஜிஏஜி ஜிடிஜியாக மாறினால் சிவப்பணு அரிவாள் போல வளையும் நோய். பிராஃப் என்ற நொதியத்தில் 600ஆம் இடத்தில் அதே மாற்றம் நேர் எதிராக, ஜிடிஜி ஜிஏஜியாக நடந்தால் தோலில் வரும் மெலனோமா புற்றுநோய்க்கு வழி. பாதிக்குக் கிட்டிய மெலனோமாக்களில் 600ஆம் இடத்தில் விகாரம் இருக்கிறது. அதே இடத்தில் ஜிடிஜி ஜிடிஏ ஆனால் ஒன்றும் நடக்காது, அதுவும் வலின்தான். எந்த எழுத்து, எந்த இடம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ரிப்போர்ட்டில் "வி600இ" என்று கண்டால் இப்படி வாசியுங்கள்: முன்னால் இருப்பது பழைய அமினோ அமிலம் (வி என்றால் வலின்), நடுவில் இட எண், கடைசியில் புதிதாக வந்தது (இ என்றால் குளூட்டாமிக் அமிலம்).

அமினோ அமிலம் மாறியதும் நொதியம் முழுக்க உருக்குலைந்து போகுமா?

டிரையரில் போட்ட மாதிரி என்று நினைத்துத்தான் பலரும் கேட்கிறார்கள். புற்றுநோயைத் தூண்டும் நொதியங்களில் பெரும்பாலும் நடப்பது அதற்கு எதிர். மடிப்பு அப்படியே இருக்கும், ஓர் ஓரம் மட்டும் நகரும். முழுக்க உருக்குலைந்த நொதியத்தைக் கலம் அடையாளம் கண்டு அழித்துவிடும். ஆபத்து, நன்றாக நிமிர்ந்து நின்றுகொண்டு தப்பாக வேலை செய்கிற நொதியம்தான்.

பிராஃபையே எடுத்துக்கொள்வோம். 766 அமினோ அமிலங்கள் கொண்ட கைனேஸ் அது, அதாவது பொஸ்பேற்று ஒட்டும் நொதியம். மேலிருந்து "வளர்" என்ற செய்தி வந்தால் அடுத்த புரதத்தின் மேல் ஒரு பொஸ்பேற்றை ஒட்டி அந்தச் செய்தியை உள்ளே கடத்தும். செய்தி வராதபோது அதன் உடம்பிலிருக்கும் ஒரு தடம் மடங்கி வேலையைத் தடுத்து நிற்கும். 600ஆவது வலின் அந்தத் தடத்தில் இருக்கிறது. வலின் எண்ணெய்க் குணம் கொண்டது. தண்ணீரை விட்டு விலகி, பக்கத்திலிருக்கும் தன் இனத்தோடு ஒட்டிக்கொள்ளும். தடம் மடங்கி நிற்க அந்த ஒட்டலும் ஒரு காரணம். அந்த இடத்துக்குக் குளூட்டாமிக் அமிலம் வந்தால் கூடவே ஒரு மறையேற்றமும் (நெகட்டிவ் மின்னேற்றம்) வந்துவிடும். எண்ணெய்க்குள் ஏற்றம் தங்காது, தடம் திறந்துகொள்கிறது. திறந்ததோடு நிற்காமல், எதிரே நேரேற்றத்தோடு நிற்கும் ஒரு லைசினைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிலைத்துவிடுகிறது.

இதில் எனக்குப் பிடித்த நுணுக்கம் ஒன்று. வழக்கமாக இந்த நொதியத்தை எழுப்புவதற்குக் கலம் அந்தத் தடத்தில் பொஸ்பேற்றை ஒட்டும். பொஸ்பேற்றும் மறையேற்றம் உடையது. ஆக விகாரம் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை, கலத்தின் கையெழுத்தையே கள்ளமாகப் போட்டுவிட்டது. இப்படி மாறிய பிராஃபின் வேகம் சாதாரணமாக ஓய்ந்திருக்கும் பிராஃபைவிட ஏறத்தாழ 500 மடங்கு என்று அளந்திருக்கிறார்கள்.

இந்த விகாரத்தைக் கண்டறிந்தது 2002இல். திறந்த நிலையில் இருக்கும் அந்த நொதியத்தின் பள்ளத்துக்குப் பொருந்தும்படி செய்த வெமுராஃபெனிப் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2011இல். ஒன்பதே வருடங்கள்.

கெட்டுப்போன நொதியம் எப்படிக் கூடுதலாக வேலை செய்யும்? கெட்டால் நிற்கத்தானே வேண்டும்?

வகுப்பில் இதைக் கேட்ட பிள்ளைக்கு அன்றைக்கே என் பேனையைக் கொடுத்துவிட்டேன்.

கெட்டது எது என்று பாருங்கள். ஸ்டோர் சங்கு ஊதுகிறது. ஊத வைக்கிற பகுதி கெட்டால் சத்தம் வராது. நிறுத்துகிற பகுதி கெட்டால் ஊதிக்கொண்டே இருக்கும். கே-ராஸ் நொதியத்தில் கெடுவது இரண்டாவது வகை. ஜி.டி.பி. (GTP) என்ற மூலக்கூறைப் பிடித்திருக்கும் வரை அது "வளர்" என்று சொல்லிக்கொண்டிருக்கும். அந்த ஜி.டி.பி.யைத் தானே வெட்டி முடித்ததும் அடங்கும். தனியாக வெட்டுவதற்கு நேரம் எடுக்கும் என்பதால் உதவிக்கு இன்னொரு புரதம் வந்து தன் ஆர்ஜினின் ஒன்றை விரல் போல உயிர்ப்பு மையத்துக்குள் நீட்டும்.

அந்த விரல் நுழையும் வாசலில் இருப்பது 12ஆவது கிளைசின். அமினோ அமிலங்களிலேயே ஆகச் சிறியது. அதன் பக்கச் சங்கிலி ஒரே ஒரு ஐதரசன்தான், அதனால்தான் அங்கே இடம் இருக்கிறது. அதற்குப் பதிலாக வேறு ஏதாவது வந்தால் விரல் உள்ளே போகாது, ஜி.டி.பி. வெட்டுப்படாது, சங்கும் நிற்காது. கணையம், பெருங்குடல், நுரையீரல் புற்றுநோய்களில் அடிக்கடி காண்பது இதைத்தான். இந்த நொதியத்தில் மருந்து பிடிக்க ஒரு பள்ளமும் இல்லை என்று வெகுகாலம் கைவிட்டு வைத்திருந்தார்கள். 12ஆம் இடத்தில் சிஸ்டீன் வந்தவர்களுக்கு மட்டும், அந்தச் சிஸ்டீனையே கொக்கியாகப் பிடிக்கும் சோடோராசிப் 2021இல் வந்தது.

வெறுமனே கெட்டு நிற்கிற வகையும் உண்டு. பி-டென் என்ற நொதியத்தின் வேலை பொஸ்பேற்றைக் கழற்றி வளர்ச்சிச் செய்தியை அணைப்பது. அதன் உயிர்ப்பு மையத்தில் 130ஆவது ஆர்ஜினின் மாறினால் கழற்றும் வேலை போய்விடும். பிரேக் இல்லாத லொறி. இல்லாத வேலையை மாத்திரையால் திருப்பித் தருவது கஷ்டம். கூடுதலாக ஓடுகிறதை அடக்குவது அதைவிட லேசு. புற்றுநோய் மாத்திரைகள் பெரும்பாலும் கூடுதலாக ஓடும் வகையைக் குறிவைத்து வருவதன் காரணம் இதுதான்.

மூளைக் கட்டி ரிப்போர்ட்டில் "ஐ.டி.ஹெச்.1 ஆர்132ஹெச்" என்று இருக்கிறது. இது எந்த வகை?

இரண்டும் இல்லை. தேயிலை உவமை, சங்கு உவமை எதுவும் இங்கே கைகொடுக்காது.

ஐ.டி.ஹெச்.1 ஒரு சாதாரண வீட்டு வேலைக்கார நொதியம். ஐசோசிட்ரேற்றை எடுத்து அல்பா-கீற்றோகுளூட்டரேற்றாக மாற்றும். ஐசோசிட்ரேற்றைப் பிடித்து உட்கார வைப்பது 132ஆவது ஆர்ஜினின். அங்கே ஹிஸ்டிடின் வந்தால் பழைய பிடி போய்விடும், பழைய வேலை நடக்காது. இதோடு முடிந்திருந்தால் அது கெட்டுப்போன நொதியம் என்று ஒதுக்கிவிடலாம்.

ஆனால் உருமாறிய அந்தப் பள்ளத்தில் இப்போது அல்பா-கீற்றோகுளூட்டரேற்று, அதாவது முன்பு தான் செய்து வெளியே அனுப்பிய பொருளே, வந்து உட்காருகிறது. நொதியம் அதை 2-ஹைட்ரொக்சிகுளூட்டரேற்று என்ற வேறொன்றாக மாற்றுகிறது. சாதாரணக் கலத்தில் பெயருக்குத்தான் இருக்கும் அந்தப் பொருள் இங்கே குவிந்துவிடும். இந்த விகாரம் அநேகமாக எப்போதும் இரண்டு பிரதிகளில் ஒன்றில் மட்டும்தான் இருக்கும். மற்ற நல்ல பிரதி பழையபடி வேலை செய்து, இதற்கு மூலப்பொருள் கொடுத்துக்கொண்டே இருக்கும். நல்லவன் சம்பாதிக்கிறான், கெட்டவன் செலவழிக்கிறான்.

குவிந்த பொருள் பார்வைக்கு அல்பா-கீற்றோகுளூட்டரேற்று போலவே இருப்பதால், அதை நம்பி வேலை செய்யும் வேறு நொதியங்களின் பள்ளங்களில் போய் அடைத்துக்கொள்கிறது. டிஎன்ஏ மேலிருக்கும் இரசாயனக் குறிகளைத் துடைக்கிற நொதியங்கள் அவை. குறிகள் துடைபடாததால் கலம் முதிர்ந்து தன் வேலைக்குப் போகாமல், பெருகும் பருவத்திலேயே நிற்கிறது.

மூளைக் கட்டிகளில் இந்த விகாரம் வெளிப்பட்டது 2008இல், புதிய வேலை புரிந்தது 2009இல். சிலவகை எம்.ஆர். ஸ்கேனில் இந்தப் பொருளை மண்டையைத் திறக்காமலே பார்க்க முடிகிறது. அமெரிக்காவில் இரத்தப் புற்றுநோய்க்கு ஐவோசிடெனிப் 2018இலும், மெதுவாக வளரும் மூளைக் கட்டிக்கு வோராசிடெனிப் 2024இலும் அனுமதிக்கப்பட்டன. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: பெரியவர்களுக்கு வரும் பரவலான மூளைக் கட்டிகளில், இந்த விகாரம் உள்ளவர்கள் பொதுவாக இல்லாதவர்களைவிட நீண்ட காலம் இருக்கிறார்கள். விகாரம் என்ற சொல்லைக் கண்டதும் ஒப்பாரி வைக்க வேண்டியதில்லை.

அத்தை பீடி, சிகரெட் தொட்டதே இல்லை. நுரையீரலில் எப்படி?

கேட்டது அத்தையின் மகன். ரிப்போர்ட்டில் இருந்தது "இ.ஜி.எஃப்.ஆர்., எக்ஸோன் 21, எல்858ஆர்". கிளினிக்கில் அதைக் கையில் கொடுத்தவர் பொசிட்டிவ் என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார். பொசிட்டிவ் என்றால் நோய் கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டு பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவர்கள் பேசவே இல்லையாம். என் முன்னால் அந்தத் தாளை விரிக்கும்போது அத்தையின் விரல் நுனியில் கொழுந்துக் கறை. அறுபது வயதிலும் மலைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

இந்த விகாரம் புகைக்காதவர்களிடமும், பெண்களிடமும், ஆசிய நாட்டவர்களிடமும் கூடுதலாகக் காணப்படுவது. விறகடுப்புப் புகையா காரணம் என்று கேட்டார்கள். அந்தப் புகை நுரையீரலுக்கு நல்லதல்ல என்பது உண்மை. ஆனால் அத்தையின் விகாரம் அதனால்தான் என்று இந்தத் தாளை வைத்து யாராலும் சொல்ல முடியாது.

தாள் சொல்வது வேறு. இ.ஜி.எஃப்.ஆர். கலத்தின் தோலில் நிற்கும் கைனேஸ். 858ஆம் இடத்தில் எண்ணெய்க் குணமுள்ள லியூசின் இருந்து, நொதியத்தை ஓய்வு நிலையில் மடித்து வைக்கிறது. அங்கே நேரேற்றமுள்ள ஆர்ஜினின் வந்தால் அந்த மடிப்பில் அடங்காது. பிராஃப் கதைதான், ஏற்றத்தின் குறி மட்டும் வேறு. இந்த மாற்றத்தால் நொதியம் தனக்குச் சக்தி தரும் ஏ.டி.பி.யை (ATP) பிடிக்கும் பிடியும் கொஞ்சம் தளர்ந்துவிடுகிறது. கெஃபிடினிப் என்ற மாத்திரை உட்காருவது ஏ.டி.பி.யின் அதே ஆசனத்தில். போட்டிக்காரன் தளர்ந்தால் மாத்திரைக்கு லேசு. கெஃபிடினிப் முதலில் சந்தைக்கு வந்தது 2002இல், ஜப்பானில். அது ஏன் சிலருக்கு மட்டும் அதிசயமாக வேலை செய்கிறது என்று 2004 வரை தெரியவில்லை. அவர்களுடைய கட்டிகளில் இப்படியான விகாரங்கள் இருந்தன.

ஆக அத்தைக்குக் கிடைத்த பொசிட்டிவ் என்றால் "உங்களுக்கென்று ஒரு மாத்திரை இருக்கிறது" என்று அர்த்தம். இதைச் சொன்னதும் அத்தை, "அத அங்கயே சொல்லியிருக்கலாமே" என்றார்.

மாத்திரை நன்றாக வேலை செய்தது. அப்புறம் ஏன் நின்றது?

அத்தைக்குப் பதினான்கு மாதம். கட்டியில் எல்லாக் கலங்களும் ஒரே மாதிரி இல்லை. மருந்து மற்றவற்றைக் கொல்லும்போது, தப்பிக்கிற ஒன்றிரண்டு பெருகிவிடுகின்றன. கெஃபிடினிப் போன்றவை எடுத்து நோய் திரும்பியவர்களில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் காண்பது 790ஆம் இடத்தில் திரியோனின் போய் மெதியோனின் வந்திருப்பது. மெதியோனின் பருமன். பள்ளத்தின் வாசலில் அது நிற்பதால் மாத்திரைக்கு இடைஞ்சல், ஆனால் பெரிய காரணம் அதுவல்ல: தளர்ந்திருந்த ஏ.டி.பி.யின் பிடியை அது மீண்டும் இறுக்கிவிடுகிறது. போட்டியில் மாத்திரை தோற்றுவிடும்.

இதற்கென்று வந்தது ஒசிமெர்டினிப், 2015இல். அது போட்டி போடாது. பள்ளத்தின் ஓரத்திலுள்ள 797ஆவது சிஸ்டீனோடு இரசாயனப் பிணைப்பு போட்டு உட்கார்ந்துவிடும். பிறகு சிலரிடம் அந்தச் சிஸ்டீனும் செரீனாக மாறிவிடுகிறது. கொக்கி மாட்ட வளையம் இல்லை.

மலையில் வேலை செய்கிறவர்களுக்கு இது புதுக்கதை அல்ல. புல்லுக்கு அடிக்கும் கிளைபோசேற்று, தாவரங்களிடம் இருக்கிற, நம்மிடம் இல்லாத ஒரு நொதியத்தைத்தான் அடைக்கிறது. மலேசியாவில் ஒரு புல்லினத்தில் அந்த நொதியத்தின் 106ஆவது புரோலின் செரீனாகி, மருந்து அடித்தாலும் சாகாமல் நின்றது. கட்டிக்கும் புல்லுக்கும் ஒரே சூட்சுமம்.

வெத்திலை போடுவதால் எந்த நொதியம் மாறுகிறது?

நம் நாட்டு ஆண்களிடம் முன்னணியில் இருப்பது வாய்ப்புற்றுநோய். இதை மலையில் சொல்லும்போது எல்லோரும் புகையிலையை மட்டும் துப்பிவிட்டு, "இப்ப வெறும் பாக்குதான் சேர்" என்கிறார்கள். பாக்கு மட்டுமே போதும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் பாக்கை 2004இலேயே மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருட்களின் முதல் வகுப்பில் வைத்துவிட்டது.

வாய்ப்புற்றுக் கட்டிகளில் அதிகம் மாறியிருப்பது பி53. அது நொதியம் அல்ல, டிஎன்ஏயைப் பிடிக்கும் காவற்காரப் புரதம். நொதியங்களில் திரும்பத் திரும்ப வருபவற்றில் ஒன்று கஸ்பேஸ்-8. கத்தரிக்கோல் மாதிரி மற்றப் புரதங்களை வெட்டி, பழுதான கலத்தைத் தானாகச் சாக வைக்கும் நொதியம். விகாரத்தால் அது மழுங்கினால் சாக வேண்டிய கலம் சாகாது.

விகாரமே இல்லாமலும் பாக்கு நொதியத்தோடு விளையாடும். வாய் இறுகி இரண்டு விரல் நுழையும் அளவுக்குக்கூடத் திறக்க முடியாதவர்களைப் பார்த்திருப்பீர்கள். பாக்கில் செம்பு அதிகம். கொலாஜன் இழைகளைப் பின்னிக் கட்டும் ஒரு நொதியம் செம்பால் ஓடுவது, அது அளவுக்கு மிஞ்சி ஓடுவதால் அந்த இழைகள் தடித்து வாய் இறுகுகிறது என்பது ஒரு முக்கிய விளக்கம். வாய் திறப்பது குறைந்தாலோ, வெள்ளையாக அல்லது சிவப்பாகத் திட்டு வந்து இரண்டு வாரத்தில் ஆறாவிட்டாலோ பல் டொக்டரிடம் காட்டுங்கள். வலி வரும்வரை பொறுத்திருக்காதீர்கள்.

பிள்ளைகளுக்கும் வருமா?

வி.பி. தேயிலையை, அதாவது விதை போடாமல் கிளை தறித்து நட்டு வளர்ப்பதை, நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு செடியின் ஒரு கிளையில் மட்டும் இலை வெளுத்து வந்தால் பக்கத்துச் செடிக்கு அது போகாது. அந்தக் கிளையைத் தறித்து நட்டால்தான் போகும். மேலே சொன்ன விகாரங்கள் பெரும்பாலும் அப்படி, வாழ்நாளில் ஓர் உறுப்பின் ஒரு கலத்தில் வந்தவை. அத்தையின் எல்858ஆர் அவர் மகனுக்குப் போகாது. விதையிலேயே வருவதும் உண்டு. பி-டென் அப்படிப் பரம்பரையாகக் கெட்டிருக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. ஒரே குடும்பத்தில் பலருக்கு, அதுவும் இளவயதில், பெருங்குடலிலோ மார்பிலோ கர்ப்பப்பையிலோ வந்திருந்தால் அதை டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

பச்சைத் தேயிலை குடித்தால் இந்த நொதியங்கள் அடங்குமாமே?

ஆய்வுகூடக் கிண்ணத்தில் கட்டெச்சின் பல நொதியங்களை அடக்கும். குடிக்கிற கோப்பையிலிருந்து கட்டி வரைக்கும் அந்த அளவு போய்ச் சேராது. விருப்பமென்றால் குடியுங்கள், மருந்தை விட்டுவிடாமல்.

விகாரம் பார்க்க மறுபடியும் ஊசி போட்டுச் சதை எடுக்க வேண்டுமா?

பல நேரம் வேண்டியதில்லை. முதலில் எடுத்த சதையை மெழுகில் பதித்து ஒரு சிறு கட்டியாக வைத்திருப்பார்கள். "பிளாக்" என்று சொல்வது அதைத்தான். விகாரச் சோதனைக்கு அதிலிருந்து மெல்லிய சீவல்கள் போதும், போதிய சதை இருந்தால். சிகிச்சை பேராதனையிலிருந்தோ கண்டியிலிருந்தோ மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு மாறும்போது ரிப்போர்ட்டை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள், பிளாக் பழைய ஆய்வுகூடத்து அலுமாரியில் கிடக்கும். அது எங்கே இருக்கிறது, எந்த இலக்கத்தில் இருக்கிறது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கையில் தந்தால் வெயில் படாமல் கொண்டுபோங்கள். அத்தையின் பிளாக்கை நான்தான் வாங்கிக்கொண்டு போனேன், தீப்பெட்டியை விடச் சிறியது, பிளாஸ்டிக் உறையில் சுற்றி லஞ்ச் பொக்ஸுக்குள் வைத்து.